சட்டக் கல்லூரிப் பரீட்சை: இந்த வருடமா, அடுத்த வருடமா?

(உயர்தரம் முடித்த பிள்ளைகளுக்கும் பெற்றோருக்குமாகச் சங்கக் காரியாலயத்தில் ஞாயிற்றுக்கிழமை நடந்த கல்விக் கூட்டத்தில், தோட்டப் பாடசாலை ஆசிரியையும் சங்க அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அம்மாமார்களே, ஐயாமார்களே, தோட்டத் தலைவர் தலைவிமார்களே, முன்வரிசையைக் காலியாக விட்டுவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்திருக்கும் என் பிள்ளைகளே!

ஞாயிற்றுக்கிழமை என்றால் துணி துவைக்க வேண்டும், விறகு பொறுக்க வேண்டும், ஒரு கிழமைக்குச் சாமான் வாங்க வேண்டும். அதையெல்லாம் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் சம்பளம் போட்ட அடுத்த நாள், ஒரு அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு, கூடையோடு என் வீட்டு வாசலுக்கு வந்தார். "டீச்சர், மகள் லோயருக்குப் படிக்கச் சோதனை எழுதப் போறேன்னு நிக்கிறா. இந்த வருஷமே எழுதட்டுமா? இல்ல, ஒரு வருஷம் கொழும்புல கடைக்குப் போயி நாலு காசு சேத்துட்டு எழுதட்டுமா?" என்று கேட்டார்.

வாசலில் நின்று சொல்கிற பதில் இல்லை இது என்று தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டேன். அந்த அம்மாவும் மகளும் இன்று இங்கே இருக்கிறார்கள். இந்தக் கேள்வி இன்னும் பல வீடுகளில் இருப்பதால்தான் எல்லோர் முன்னிலையிலும் பதில் சொல்கிறேன்.

நமக்கு ஏன் சட்டத்தரணி வேண்டும்?

நமது சம்பளம் மலையில் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை. 2024 மே மாதம் 1,700 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. நாம் பட்டாசு கொளுத்தினோம். ஜூலை மாதம் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. கம்பனிகளுக்காகப் பேச நல்ல சட்டத்தரணிகள் இருந்தார்கள். பிறகு செப்டம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 என்று வந்தது. இது உங்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை.

ஒருவரை வேலையிலிருந்து நிறுத்தினால் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்தச் சபையில் சட்டத்தரணி இல்லாமலே நமது சங்கப் பிரதிநிதி எழுந்து பேசலாம். நானும் பேசியிருக்கிறேன். ஆனால் தீர்ப்பை எதிர்த்து நிர்வாகம் மேல் நீதிமன்றத்துக்குப் போனால் நமது பிரதிநிதியின் குரல் வாசலிலேயே நின்றுவிடும். அங்கே கறுப்பு அங்கி போட்டவர்தான் பேச வேண்டும்.

அந்த அங்கி நமக்கு உதவிய காலமும் உண்டு. பிரேஸ்கேர்டில் என்ற அவுஸ்திரேலிய இளைஞர், மாத்தளைப் பக்கத்துத் தோட்டத்தில் தொழில் பழக வந்து, 1937இல் தொழிலாளர் பக்கம் நின்று பேசினார். ஆளுநர் அவரை நாடு கடத்தக் கட்டளையிட்டார். சட்டத்தரணி எச்.வி. பெரேரா உயர் நீதிமன்றத்தில் வாதாடினார். ஆளுநரின் கட்டளை செல்லாது என்று தீர்ப்பு வந்தது.

தோற்ற வழக்கும் உண்டு. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, அதன்பின் நமது மக்களின் வாக்குரிமையும் போனது. றுவான்வெல்ல தேர்தல் தொகுதியில் தன் பெயரைச் சேர்க்கக் கேட்ட கோடாக்கன் பிள்ளை என்ற இந்திய வம்சாவளித் தமிழரின் வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1953இல் தோற்றது. அரசியலமைப்புச் சட்டம் படிக்கிறவர்கள் இன்றும் அந்த வழக்கைப் படிக்கிறார்கள். நமது பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த வகுப்பில் உட்கார்ந்து அதைப் படிக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

இது என்ன பரீட்சை?

சட்டத்தரணியாக இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, பல்கலைக்கழகத்தில் சட்டம் படிப்பது. கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் ஆகிய பல்கலைக்கழகங்களில் உயர்தர வெட்டுப்புள்ளியின்படி எடுக்கிறார்கள். திறந்த பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டப்படிப்புக்குத் தனியாகத் தெரிவுப் பரீட்சை உண்டு. இரண்டாவது, கொழும்பு புதுக்கடையில் இருக்கும் இலங்கை சட்டக் கல்லூரி. 1874ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. அதற்குத்தான் அனுமதிப் பரீட்சை. அதில் தெரிவானால் மூன்று வருடப் படிப்பு. அதன்பின் மூத்த சட்டத்தரணி ஒருவரிடம் பயிற்சி. பிறகு உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம்.

வெட்டுப்புள்ளி கிடைக்காத பிள்ளைக்கும் இந்தக் கதவு திறந்திருக்கிறது. அதுதான் இதன் பெரிய நன்மை. உயர்தரத்தில் மூன்று பாடம் சித்தியடைந்திருக்க வேண்டும். சாதாரண தரத்தில் தமிழ் அல்லது சிங்களத்திலும், ஆங்கிலத்திலும் திறமைச் சித்தி, அதாவது 'சீ' வேண்டும். இந்த ஆங்கிலச் 'சீ'யை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

வினாத்தாள் இரண்டு. ஒன்று மொழி. மற்றது பொது அறிவும் நுண்ணறிவும். சட்டம் கேட்கமாட்டார்கள். பலபேர் சட்டப் புத்தகத்தைத் தேடி வாங்கிக்கொண்டு வருகிறார்கள். அது கல்லூரிக்குள் போனபிறகு படிக்க வேண்டியது.

தமிழில் எழுதலாமா என்று கேட்பீர்கள். எழுதலாம். சட்டக் கல்லூரியில் படிப்பும் பரீட்சையும் ஆங்கிலத்தில் மட்டும் என்று ஒரு வர்த்தமானி வந்தது. 2023 மார்ச் மாதம் பாராளுமன்றம் அதைத் தோற்கடித்தது. ஆனாலும் ஆங்கிலமும் சிங்களமும் இல்லாமல் இந்தத் தொழில் செய்ய முடியாது. வடக்கு கிழக்குக்கு வெளியே நீதிமன்றப் பதிவுகள் சிங்களத்தில்தான் இருக்கின்றன. நுவரெலியா நீதிமன்றத்தில் நமது ஆள் தமிழில் சாட்சி சொல்லலாம், மொழிபெயர்ப்பாளரைக் கேட்கவும் உரிமை உண்டு. ஆனால் அவருடைய சட்டத்தரணி அந்தப் பதிவை வாசித்து விளங்கிக்கொள்ள வேண்டும்.

நான் எழுதிய கதை

இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கம்தான். ஆனாலும் சொல்கிறேன்.

நான் முதல் முறை எழுதியபோது வயது இருபது. விண்ணப்பம் வந்தது என்று ஒரு சிநேகிதி சொன்னாள், போட்டேன். படித்தது மூன்று கிழமை. தமிழ்ப் பாடத்தில் எனக்கு எப்போதும் நல்ல புள்ளி, அதனால் மொழி வினாத்தாள் லேசு என்று நினைத்தேன். ராத்திரி பஸ்ஸில் ஹட்டனிலிருந்து ஏறி, விடியக் கொழும்பில் இறங்கி, பஸ் நிலையக் குழாயில் முகம் கழுவிக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். நேரம் முடிந்தபோது எனக்கு இன்னும் ஒரு பக்கம் மீதி இருந்தது. தெரியாத கேள்விகள் இல்லை. நேரம் வைத்து ஒருநாளும் பழகவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த வருடம் ஒழுங்காகப் படித்தேன். எட்டு மாதம். நம்பிக்கையோடு இருந்தேன். பரீட்சை அனுமதி அட்டை வரவில்லை. விலாசம் என்று நான் எழுதியது தோட்டத்தின் பெயர், டிவிசன் பெயர் மட்டும். நம் லயத்துக்கு வேறு என்ன விலாசம் இருக்கிறது? கடிதம் தோட்டக் கந்தோருக்குப் போய், அங்கே ஒரு தட்டில் கிடந்து, பரீட்சை முடிந்து ஐந்தாம் நாள் அப்பாவின் கைக்கு வந்தது. அப்பா அதைப் பத்திரமாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக் கொண்டு வந்தார். என்ன கடிதம் என்று அவருக்குத் தெரியாது. சந்தோஷமாகக் கொடுத்தார்.

மூன்றாவது வருடம் அப்பாவுக்கு நடக்க முடியாமல் போனது. அம்மாவின் ஒரு பேரில் ஐந்து வயிறு. நான் ஒரு தனியார் வகுப்பில் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கப் போனேன். பிறகு ஆசிரிய உதவியாளர் நியமனம் கிடைத்தது. நான் திரும்ப எழுதவில்லை. பிள்ளைகளுக்குப் படிப்பிப்பதில் எனக்குக் குறையில்லை. ஆனால் தொழில் நியாய சபை வாசலில் ஒவ்வொரு முறை நிற்கும்போதும் அந்த ஒரு பக்கமும் அந்த ஒரு கடிதமும் ஞாபகத்துக்கு வரும்.

என் கதையில் மூன்று பாடம் இருக்கிறது. ஆயத்தம் இல்லாமல் எழுதக்கூடாது. ஆயத்தமாகியும் காகித வேலையில் கோட்டை விடக்கூடாது. பிறகு எழுதலாம், பிறகு எழுதலாம் என்று தள்ளினால் குடும்பக் கஷ்டம் அந்த 'பிறகை' விழுங்கிவிடும்.

எப்போது எழுதுவது?

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள். இது 35 புள்ளி எடுத்தால் சித்தி என்கிற பரீட்சை இல்லை. ஆயிரக்கணக்கானோர் எழுதுகிறார்கள், மேலே இருக்கிற சில நூறு பேரைத்தான் எடுக்கிறார்கள். அதனால் "சும்மா ஒருக்கா எழுதிப் பார்ப்போம்" என்பதில் லாபம் குறைவு. கட்டணம், பஸ் காசு, அம்மாவின் இரண்டு நாள் பேர் போகும். அதைவிடப் பெரிய நட்டம், "எனக்கு இது வராது" என்று பிள்ளை முடிவு கட்டிவிடுவது. நான் கண்ட பிள்ளைகளில் அப்படி ஒதுங்கியவர்கள் உண்டு.

பிள்ளைகளே, நீங்கள் உங்களையே நான்கு கேள்வி கேளுங்கள்.

முதல் கேள்வி: தகைமை கையில் இருக்கிறதா? ஆங்கிலத்தில் 'எஸ்' இருந்தால் இந்த வருடம் சட்டக் கல்லூரிக்கு ஆயத்தம் செய்வதில் பயனில்லை. முதலில் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகச் சாதாரண தர ஆங்கிலத்தைத் திரும்ப எழுதுங்கள். 'எஸ்'ஸுக்கு 35, 'சீ'க்கு 50. அந்தப் பதினைந்து புள்ளி ஒரு வருடத்தில் எடுக்கக்கூடியதுதான். ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோருக்கும் சொல்கிறேன்: சட்டக் கல்லூரிக் கதவின் முதல் பூட்டு சாதாரண தரத்திலேயே போடப்படுகிறது. "இங்கிலீஷ் பாடம் ஃபெயிலானாலும் பரவாயில்லை" என்று வீட்டில் சொல்லாதீர்கள்.

இரண்டாவது: எத்தனை மாதம் இருக்கிறது? உயர்தரம் எழுதி முடித்து, பெறுபேறு வந்து, பல்கலைக்கழகத்துக்குக் கூப்பிடும்வரை நீண்ட காலம் போகிறது. நமது பிள்ளைகள் கொழும்புக் கடைக்கும் ஆடைத் தொழிற்சாலைக்கும் போவது அந்த இடைவெளியில்தான். அந்த இடைவெளிதான் ஆயத்தத்துக்குக் கிடைக்கும் காலம். எட்டு, ஒன்பது மாதம் ஒழுங்காகக் கிடைத்தால் எழுதலாம். விண்ணப்பம் வந்த பிறகுதான் புத்தகத்தைத் தொடுகிறீர்கள் என்றால் அடுத்த வருடத்துக்கு வையுங்கள்.

மூன்றாவது: கடிகாரம் என்ன சொல்கிறது? பழைய வினாத்தாள்களை வாங்கி, உரிய நேரத்தை வைத்து, யாரோடும் பேசாமல் செய்து பாருங்கள். ஒரு முறை நல்ல புள்ளி வந்தால் அது அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். அடுத்தடுத்து மூன்று வினாத்தாளை நேரத்துக்குள் முடித்து, புள்ளியும் இறங்காமல் நின்றால் நீங்கள் தயார். பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது பாதித் தாள்தான் முடிகிறது என்றால், ஒத்திவைப்பது கோழைத்தனம் இல்லை.

நான்காவது: ஒத்திவைத்தால், அந்த வருடத்தில் என்ன செய்யப் போகிறீர்கள்? இதற்குப் பதில் இல்லாமல் ஒத்திவைக்காதீர்கள். அடுத்த வருடம் என்றால் எந்த மாதத்திலிருந்து, தினமும் எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் என்று எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். எழுதி ஒட்டாத அடுத்த வருடம் வரவே வராது. என் அனுபவம் அது.

எப்படிப் படிப்பது?

மொழிக்கு: நாம் வீட்டில் பேசுவது ஒரு தமிழ், வினாத்தாளில் இருப்பது வேறு தமிழ். தினமும் பத்திரிகையின் ஆசிரியத் தலையங்கத்தைச் சத்தமாக வாசியுங்கள். வாசித்து முடித்ததும் பத்திரிகையை மூடிவிட்டு, அது என்ன சொன்னது என்று நாலு வரியில் எழுதுங்கள். தெரியாத சொல்லைக் கொப்பியில் குறியுங்கள். ஒத்த சொல், எதிர்ச்சொல், மரபுத்தொடர், பிழை திருத்தம் எல்லாம் பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே இருக்கின்றன. பழைய புத்தகங்களைத் தூக்கி எறியாதீர்கள்.

பொது அறிவுக்கு: ஒரு கொப்பியை மூன்றாகப் பிரியுங்கள். இலங்கை, உலகம், அரசியலமைப்பு. பாராளுமன்றம் எப்படி இயங்குகிறது, எந்த நீதிமன்றத்துக்கு மேல் எந்த நீதிமன்றம், மாகாண சபைக்கு என்ன அதிகாரம் என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். ராத்திரிச் செய்தியைக் கேட்டு மூன்று விஷயம் எழுதுங்கள். தொலைபேசியில் எல்லோரும் படம் பார்க்கிறீர்கள், அதே தொலைபேசியில் பத்திரிகையும் வாசிக்கலாம்.

நுண்ணறிவுக்கு: எண் வரிசை, உருவ வரிசை, உறவுமுறைக் கணக்கு. இது மூளையின் அளவு என்று பயப்படாதீர்கள். கொழுந்து எடுக்கிற கை மாதிரி, பழகப் பழக வேகம் வரும். தினமும் இருபது கேள்வி, கடிகாரத்தை வைத்து. முடியாத கேள்வியோடு மல்லுக்கு நிற்காமல் அடுத்ததுக்குப் போகவும் பழகுங்கள்.

எங்கே உட்கார்ந்து படிப்பது? பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஒரு பல்பு, ஒரு டீவி, ஏழு பேர். எனக்குத் தெரியும், நானும் அப்படித்தான் படித்தேன். ரொட்டி சுட அம்மா நாலு மணிக்கு எழும்பும்போது நீங்களும் எழும்புங்கள். பெரட்டுக்கு ஆள் போகும்வரை இரண்டு மணித்தியாலம் கிடைக்கும். அம்மாமார்களே, அந்த நேரம் தண்ணீர் எடுக்கவும் தம்பி தங்கையைப் பார்க்கவும் அந்தப் பிள்ளையைக் கூப்பிடாதீர்கள். பெண் பிள்ளை என்றால் இரண்டு முறை யோசித்துவிட்டுக் கூப்பிடுங்கள்.

காகித வேலை

பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலையில் ஒரு பெயர், அடையாள அட்டையில் மூன்றாவது பெயர். நமது தோட்டங்களில் இது சாதாரணம். 'ள'வுக்கு 'ல' போட்டதற்காக ஒரு பிள்ளை மாதக்கணக்கில் அலைந்ததை நான் பார்த்தேன். இதை விண்ணப்பம் வருவதற்கு முன்பே சரிபார்க்க வேண்டும்.

விண்ணப்ப அறிவித்தலை முழுவதும் வாசியுங்கள். தகைமை, வயது, இறுதித் திகதி எல்லாம் அதில் இருப்பதே செல்லும், நான் சொன்னதோ பக்கத்து வீட்டார் சொன்னதோ இல்லை. விலாசத்துக்குத் தோட்டப் பெயரை மட்டும் எழுதாதீர்கள். நம்பிக்கையான கடை விலாசம், பாடசாலை விலாசம், அல்லது இந்தச் சங்கக் காரியாலய விலாசத்தைக் கொடுங்கள். பரீட்சைக்கு இரண்டு கிழமைக்கு முன்பும் அனுமதி அட்டை கையில் இல்லையென்றால், வரும் என்று காத்திராமல் பரீட்சைத் திணைக்களத்தைக் கேளுங்கள்.

காசு

பெற்றோர் மனதில் இருப்பது இதுதான், எனக்குத் தெரியும். தெரிவானால் மூன்று வருடம் கொழும்பில் இருக்க வேண்டும். வாடகை, சாப்பாடு, கட்டணம். "அவ்வளவுக்கு எங்க போறது, எழுதாமலே இருக்கட்டும்" என்று நினைக்காதீர்கள். தெரிவான பிள்ளைக்கு உதவி தேடலாம். கோயில் கமிட்டியிடம் கேட்கலாம், சங்கத்திடம் கேட்கலாம், படித்து வேலையில் இருக்கும் நம் ஆட்களிடம் கேட்கலாம். எழுதாத பிள்ளைக்காக யாரிடமும் கேட்க முடியாது. தீபாவளி முற்பணத்தை ஒரு நாளில் செலவழிக்கிறோம். அதிலிருந்து ஒரு பங்கை ஆயத்த வருடத்துக்கு ஒதுக்குங்கள்.

அந்த அம்மாவுக்குப் பதில்

அம்மா, உங்கள் மகளின் பெறுபேற்றுத் தாளைப் பார்த்தேன். உயர்தரத்தில் மூன்று பாடமும் இருக்கிறது, தமிழில் 'ஏ' இருக்கிறது. ஆங்கிலத்தில் 'எஸ்'. ஆகவே இந்த வருடம் எழுத வேண்டாம். இந்த வருடம் சாதாரண தர ஆங்கிலம். அதோடு சேர்த்து மொழிக்கும் பொது அறிவுக்கும் இன்றிலிருந்தே ஆயத்தம். ஆங்கிலத்தில் 'சீ' வந்ததும் வரும் முதல் சட்டக் கல்லூரிப் பரீட்சைக்கு விண்ணப்பம்.

கடைக்கு அனுப்பவா என்று கேட்டீர்கள். வேண்டாம் என்று லேசாகச் சொல்ல எனக்கு உரிமையில்லை. உங்கள் அடுப்பு எனக்குத் தெரியும். ஆனால் கொழும்புக் கடையில் காலை எட்டு மணிக்கு ஏறினால் இரவு ஒன்பதுக்கு இறங்க வேண்டும், அங்கே படிப்பு நடக்காது. அதற்குப் பதிலாக, பின்னேரத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கட்டும். இரண்டு டிவிசனிலும் பிள்ளைகளைச் சேர்த்துக் கொடுக்கும் பொறுப்பு என்னுடையது. கடைச் சம்பளம் அளவுக்கு வராது, கைச்செலவுக்கு வரும். குறைகிற காசை ஒரு வருடம் எப்படிச் சமாளிப்பது என்று தலைவியையும் வைத்துக்கொண்டு பேசுவோம்.

தங்கச்சி, உனக்கும் ஒரு வார்த்தை. இந்த வருடம் எழுதவில்லை என்று யாராவது கேட்டால் தலை குனியாதே. நான் ஆயத்தமாகாமல் போய் ஒரு வருடத்தை இழந்தேன். நீ ஆயத்தமாக ஒரு வருடம் எடுக்கிறாய்.

கடைசியாகத் தோழர்களுக்கு. வருகிற ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இந்த மண்டபத்தில் காலை ஒன்பது மணிக்கு ஆங்கில வகுப்பு. நான் எடுக்கிறேன், என்னோடு இன்னும் இரண்டு ஆசிரியர்கள் வரச் சம்மதித்திருக்கிறார்கள். சந்தாப் பணத்திலிருந்து தினம் ஒரு தமிழ்ப் பத்திரிகையும் ஒரு ஆங்கிலப் பத்திரிகையும் எடுக்க வேண்டும் என்று கமிட்டியைக் கேட்டுக்கொள்கிறேன். சுவரில் ஒரு கடிகாரமும் வேண்டும், ஓடுகிற கடிகாரமாக.

வருகிற பிள்ளைகள் எல்லோரும் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சாதாரண தரப் பெறுபேறு மூன்றையும் கொண்டு வாருங்கள். முதல் பாடம் பெயர் எழுத்து சரிபார்ப்பது.